முக்குளிப்பான் எழும் வரை

கேள்வி: பதினான்கு வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஸ்பெஷல் கிளாஸ், எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, விடைத்தாள் கட்டு எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்தால் பெற்ற பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். தூக்கமும் சரியில்லை. மனசு ஆறட்டும் என்று குடும்பத்தோடு ஏற்காடு போய் வந்தோம். திங்கட்கிழமை காலையிலேயே பழைய படபடப்பு. என்ன செய்வது?
— ஓர் ஆசிரியை, கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: நானும் 31 வருடம் தாவரவியல் எடுத்தவள், டீச்சர். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவு, பிள்ளைக்கு வாந்தி, படகுத்துறையில் டிக்கெட் வரிசை, லேடீஸ் சீட்டில் போட்டோ. இதில் உங்களுக்கென்று பத்து நிமிஷம் கிடைத்திருக்குமா?

உங்கள் ஊரிலேயே மூக்கனேரி இருக்கிறது. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை வந்து சேரும் ஏரி. 2010-ல் சேலத்து மக்களே முன்னின்று தூர்வாரி, அந்த மண்ணையே நடுவில் திட்டுகளாக்கி மரம் வளர்த்தார்கள்.

ஒரு மார்ச் மாதம், வகுப்பில் பேசிக்கொண்டிருந்த மாணவியை நோக்கி டஸ்டரை எறிந்துவிட்டேன். அவள் மேல் படவில்லை. ஆனால் என் கை நடுக்கம் சாயங்காலம் வரை நிற்கவில்லை. வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு முக்குளிப்பான். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்த பழுப்பு நீர்ப்பறவை. சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டது. இந்தப் பக்கம்தான் எழும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் எங்கோ தள்ளி, தலையைச் சிலிர்த்துக்கொண்டு வருகிறது. மறுபடி முழுகுகிறது. எத்தனை தடவை பார்த்தேனோ, இருட்டத் தொடங்கியபோதுதான் கை நடுக்கம் நின்றிருப்பதைக் கவனித்தேன். மறுநாள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வகுப்பில் நாற்பது முகங்களையும் நாம் இழுத்துப் பிடித்துக் கவனிக்க வேண்டும். அந்தக் கவனம்தான் களைத்துப்போகிறது. தண்ணீரும் பறவையும் தாமாகவே கண்ணை ஈர்ப்பதால் அது ஓய்வெடுத்துக்கொள்கிறது என்பது ரேச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் என்ற உளவியலாளர்களின் விளக்கம். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் 120 நிமிஷமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்களில் கூடுதலானவர்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் இருந்தாலும் பிரித்துப் பிரித்து இருந்தாலும் வித்தியாசமில்லை. கணக்கு டீச்சருக்குச் சொல்ல வேண்டுமா? நாற்பது நிமிஷப் பீரியட் மூன்று!

அந்த மூன்று பீரியடைப் பள்ளி விட்டதும், வீட்டுக்குப் போகும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் காலை வைத்துவிட்டால் அப்புறம் அடுப்படிதான். போன் சைலண்டில் பைக்குள் இருக்கட்டும். துணைக்கு இன்னொரு டீச்சரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பள்ளிக்கூடக் கதை வேண்டாம். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்கத் தயங்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவைக்கு 14416 இலவச எண். தமிழிலேயே பேசலாம்.

ஏற்காட்டுக்கும் இன்னொரு தடவை போங்கள், கூட்டமில்லாத வார நாளில். நல்ல கோடை மழை பெய்து எட்டு, பத்து நாள் கழித்துப் போனால், சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகள் கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்திருக்கும். மல்லிகை போல வாசம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும்.