யூகோஸ்லாவியாவின் கால்பந்து லீக் எப்படித் தொடங்கி, எப்படி முடிந்தது?

1923இலேயே, இன்று பல நாடுகளாகப் பிரிந்துவிட்ட யூகோஸ்லாவியாவில், முடியாட்சிக் காலத்தில் தேசியச் சாம்பியன் போட்டி தொடங்கிவிட்டது. முதல் பட்டம் ஜாக்ரெப் நகரின் கிராஜான்ஸ்கி கிளப்புக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946–47இல் கூட்டாட்சி நாட்டின் முதல் லீக் நடந்தது. பெல்கிரேடின் பார்டிசான் வென்றது. அதன் பிறகு ரெட் ஸ்டார், பார்டிசான், தினமோ ஜாக்ரெப், ஹைதுக் ஸ்ப்ளிட் என்ற நான்கு கிளப்புகளே பெரும்பாலும் கோலோச்சின. வொய்வொதினா, சராயேவோ, செல்யெஸ்னிச்சார் ஆகியவை இடையிடையே பட்டத்தைத் தட்டிச் சென்றதுதான் இந்த லீக்கின் அழகு.

1985–86 பருவத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடைசிச் சுற்று ஆட்டங்களில் முன்கூட்டியே பேசி முடித்த முடிவுகள் இருந்ததாகச் சந்தேகம் எழ, நாட்டின் கால்பந்துச் சம்மேளனம் அச்சுற்றை மீண்டும் ஆடச் சொன்னது. முதலிடத்தில் இருந்த பார்டிசான் மறுத்தது, பட்டம் ரெட் ஸ்டாருக்குப் போனது. அடுத்த பருவத்தில் பத்து கிளப்புகளுக்கு ஆறு புள்ளிகள் குறைக்கப்பட்டன. அதனால் ஸ்கோப்யேயின் வர்தார் முதலிடம் பெற்று, பல நாட்டுச் சாம்பியன் கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையில் ஆடியது. பின்னர் நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்ய, இரண்டு பட்டங்களும் பார்டிசானுக்கே வந்தன. ஆடிப் பெற்ற பட்டத்தை இழந்த வர்தார் ரசிகர்களின் மனக்குறை நியாயமானது என்பேன்.

1990 மே 13 அன்று ஜாக்ரெபில் தினமோ–ரெட் ஸ்டார் ஆட்டம் கலவரத்தில் நின்றுபோனது. ஆனாலும் 1991 மே மாதம் ரெட் ஸ்டார் ஐரோப்பியக் கோப்பையையே வென்றது. நாடு உடையத் தொடங்கியதால், அந்தப் பருவத்தோடு குரோஷிய, ஸ்லோவேனிய கிளப்புகள் விலகின. 1991–92இல் போர் போஸ்னியாவை எட்ட, அங்குள்ள செல்யெஸ்னிச்சார் லீக்கில் ஆடுவதைப் பாதியில் நிறுத்திக்கொண்டது. ரெட் ஸ்டார் வென்ற அந்தப் பட்டமே கடைசி.