உறையில் இருக்கும் 18 நீதிமன்ற உத்தரவு ஆகாது

கேள்வி: பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறையில் என் பெற்றோருடன் வசிக்கிறேன். 2022இல் கோவை குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து பெற்றோம். 12 வயது மகன் என்னிடம் இருக்கிறான். மாதத்தில் இரண்டு வாரம் சனி, ஞாயிறு அவன் தந்தையிடம் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. இரு மாநில எல்லையில் உள்ள வேலந்தாவளத்தில் வைத்து ஒப்படைப்பது வழக்கம். அவன் தந்தை தன் வீட்டில் பிளேஸ்டேஷன் என்ற வீடியோ விளையாட்டுக் கருவியை வாங்கி வைத்து, உறையிலேயே 18 என்று அச்சிட்டிருக்கும் ஜிடிஏ 5 விளையாட்டை இரவு ஒரு மணி வரை ஆட விடுகிறார். திரும்பி வந்தவன் பாட்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நான் பட்டதெல்லாம் போதாதென்று பிள்ளையையும் கெடுக்கிறார். கடந்த மூன்று முறை மகனை அனுப்பவில்லை. 15 நாளில் பதில் கேட்டு அவருடைய வக்கீல் நோட்டீஸ் வந்துள்ளது. சந்திப்பு உரிமையை ரத்து செய்ய முடியுமா? போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தின் நான்கு பக்கங்களில் மூன்று, திருமண வாழ்க்கையில் நீங்கள் பட்ட துன்பத்தைப் பற்றியவை. 2022இல் இருவரும் கையெழுத்திட்டு முடித்துக்கொண்ட கணக்கு அது. அதை எந்த நீதிபதியும் இப்போது திறக்கப் போவதில்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒன்றுதான்: கடந்த மூன்று முறை மகனை அனுப்பவில்லை. இன்றைய நிலையில் உத்தரவை மீறியவர் நீங்கள், அவர் அல்ல.

அந்த விளையாட்டு 12 வயதுப் பிள்ளைக்கு ஏற்றதா என்று தனிப்பட்ட முறையில் கேட்டால், இல்லை என்றே சொல்வேன். அதன் கதையில் ஓரிடத்தில், கட்டிப்போட்ட ஓர் ஆளைச் சித்திரவதை செய்வதை ஆடுபவரே தன் கையால் செய்தாக வேண்டும். ஆனால் என் கருத்தோ உங்கள் கருத்தோ உத்தரவை நிறுத்தி வைக்காது. உறையில் உள்ள 18, 2003 முதல் நடைமுறையில் உள்ள பெகி என்ற ஐரோப்பிய மதிப்பீட்டின் எண். அதே விளையாட்டுக்கு அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி இட்டிருக்கும் வயது 17. இவற்றுள் எதற்கும் இந்தியாவில் சட்டத்தின் பலம் இல்லை. திரைப்படத்துக்கு 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டமும் 'ஏ' சான்றிதழும் இருக்கின்றன. வீடியோ விளையாட்டுக்கு அப்படி ஒரு தணிக்கை வாரியம் கிடையாது. பெகி எண்ணை 2012இல் சட்டமாக்கிய பிரிட்டனிலும் அது கட்டுப்படுத்துவது கடைக்காரரைத்தான், தன் வீட்டில் பிள்ளையிடம் அதைக் கொடுக்கும் தகப்பனை அல்ல. ஆன்லைன் விளையாட்டைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டதே என்று யாராவது சொன்னால், 2022ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் தடை செய்வது பணம் வைத்து ஆடுவதை. உங்கள் மகன் ஆடுவது அதுவல்ல.

எனவே நீதிமன்றத்தின் முன் வரக்கூடிய கேள்வி, அந்த எண் மீறப்பட்டதா என்பதல்ல; தந்தையின் வீட்டில் நடப்பது இந்தக் குழந்தையின் நலனைப் பாதித்திருக்கிறதா, அதற்கு ஆதாரம் என்ன என்பதுதான். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. வன்முறை விளையாட்டு பிள்ளையை வன்முறையாளனாக்கும் என்று மனுவில் எழுதினால், எதிர்த்தரப்பு அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்மானத்தை நீட்டும். கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துடன் சிறு தொடர்பு உண்டு, உண்மையான வன்முறைக்கு அதையே காரணமாகக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் சாரம். உங்கள் மனுவுக்குப் பலம் விளையாட்டின் பெயரில் இல்லை. இரவு ஒரு மணியில் இருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளை தூங்குகிறான் என்று ஆசிரியர் டைரியில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி உங்கள் நான்கு பக்கத்தைவிட மேலானது. அது மலையாளத்தில் இருந்தால் கோவைக்கு மொழிபெயர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

பாட்டியைத் திட்டிய வார்த்தை எந்த மொழி என்று நீங்கள் எழுதவில்லை. சிரிக்க வேண்டாம், குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். அந்த விளையாட்டின் பாத்திரங்கள் பேசுவது ஆங்கிலம். பிள்ளை திட்டியது தமிழிலோ மலையாளத்திலோ என்றால், அதைக் கற்ற இடம் பள்ளி வேனாக இருக்கலாம், உங்கள் தெருவாகவும் இருக்கலாம்.

இனி, இந்த வகை வழக்குகளில் கட்சிக்காரர்கள் போய் விழுகிற இடத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே புகாருடன் வந்த ஒரு தாயாருக்காக ஆஜரானேன். தந்தையின் வீட்டுத் திரையைப் பிள்ளை படம் பிடித்து அனுப்பியது, இரவு நேரம், எல்லாம் கையில் இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு தாளை நீட்டினார். பிள்ளை ஆடிய கணக்கின் விவரப் பக்கம் அது: பதிவு செய்த மின்னஞ்சல் தாயாருடையது, பிறந்த தேதி 1990 ஜனவரி 1. எப்போதோ ஒரு விடுமுறையில் பிள்ளை நச்சரித்தபோது, சமையலறையில் நின்றபடி தன் போனில் அவரே திறந்து கொடுத்த கணக்கு. உண்மையான தேதியைப் போட்டால் பெற்றோர் அனுமதி, கட்டுப்பாடு என்று அடுத்தடுத்துத் திரைகள் வரும். அவற்றைத் தாண்டுவதற்காகப் பழைய ஆண்டைப் போட்டிருந்தார். தந்தை செய்ததெல்லாம் அந்தக் கணக்கில் பிள்ளையை ஆட விட்டது மட்டும். நீதிபதி தாளைப் பார்த்துவிட்டு, இந்தப் பையனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டதா என்று கேட்டார். அதன் பிறகு நான் வாதாடுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. மனுவை வாபஸ் வாங்கினோம்.

ஆகவே மனு எழுதும் முன் உங்கள் வீட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள். மகன் எந்தக் கணக்கில் ஆடுகிறான், அது யாருடைய மின்னஞ்சல், என்ன பிறந்த ஆண்டு, உங்கள் போனிலும் தாத்தாவின் போனிலும் என்னென்ன விளையாட்டு ஏறியிருக்கிறது, அவற்றுக்குப் பிளே ஸ்டோர் காட்டும் வயது என்ன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிளேஸ்டேஷனில் ஒரு கட்டத்தை முடித்தால் கிடைக்கும் டிராஃபி ஒவ்வொன்றும் தேதியுடனும் நேரத்துடனும் பதிவாகும். ஞாயிறு அதிகாலை ஒன்றரை மணி என்று பத்துப் பதிவுகள் இருந்தால் அவை உங்களுக்குச் சாட்சி. செவ்வாய்க்கிழமை மாலை என்று நான்கு இருந்தால் அவருக்குச் சாட்சி. பொய்யான ஆண்டு உங்கள் கையால் போட்டது என்றால் அதை அழித்துவிட்டு வராதீர்கள். அழித்தது தெரிந்தால் மற்ற உண்மைகளும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

மருத்துவச் சான்றிதழ் வாங்குவதும் இப்படிப்பட்ட குழிதான். விளையாட்டு அடிமைநிலையை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருப்பது உண்மை. ஆனால் அதற்குப் பொதுவாக 12 மாதப் போக்கைப் பார்ப்பார்கள். மாதத்தில் நான்கு நாள் தந்தையிடம் இருக்கும் பிள்ளைக்கு அடிமைநிலைச் சான்றிதழ் தாக்கல் செய்தால், மீதி நாட்களில் அவன் எங்கே ஆடுகிறான் என்ற கேள்வி உங்களை நோக்கித் திரும்பும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது, பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, அப்பா வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வைத்துப் படம் பிடிப்பது. உங்கள் கடிதத்தில் அப்படி இரண்டு வீடியோக்கள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். 12 வயது என்பதால் நீதிபதி பெரும்பாலும் மகனைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார். சொல்லிக் கொடுத்த வாக்கியம் அந்த அறையில் இரண்டு நிமிடம்கூட நிற்காது. ஒரு பெற்றோர் பிள்ளையின் மனத்தை மற்றவருக்கு எதிராகத் திருப்புவது பற்றி 2017இல் விவேக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியிருக்கிறது. மூன்று முறை அனுப்பாததையும் இந்த வீடியோக்களையும் அருகருகே வைத்தால், அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவதற்கு எதிர்த்தரப்பு மிகவும் சிரமப்பட வேண்டியதில்லை. உத்தரவை வேண்டுமென்றே மீறுவதற்கு 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தாயைச் சிறைக்கு அனுப்புவது அபூர்வம். தவறிய நாட்களுக்கு ஈடாகக் கோடை விடுமுறையைத் தந்தைக்குக் கொடுப்பது அபூர்வம் அல்ல, கஸ்டடி கைமாறிய வழக்கும் உண்டு.

போலீஸ் புகார் வேண்டாம். ஆபாசப் பொருளைக் குழந்தைக்குக் கொடுப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 295ஆம் பிரிவில் குற்றம்தான். கடையில் வெளிப்படையாக விற்கும் விளையாட்டை அதில் அடக்குவது கடினம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைச் சேர்க்கலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சட்டம் படித்தவராக இருந்தால் அதன் 11ஆம் பிரிவில் பாலியல் நோக்கம் என்ற சொல் இருப்பதைப் படித்திருப்பார். அந்தப் புகாரின் முதல் விளைவு, உங்கள் மகன் தன் தந்தைக்கு எதிராக வாக்குமூலம் கொடுக்க உட்காருவது.

எங்கே போவது என்ற கேள்வியிலும் கவனம் தேவை. மகன் வசிப்பது பாலக்காடு மாவட்டத்தில் என்பதால் 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி பாலக்காட்டில் புதிதாக மனு போடலாம் என்று தோன்றும். சந்திப்பு உத்தரவு கோவையில் இருக்க, எல்லையைத் தாண்டி இன்னொரு நீதிமன்றத்தைத் தேடினீர்கள் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில், உத்தரவிட்ட நீதிமன்றமே அதை மாற்றலாம். வேலந்தாவளத்திலிருந்து கோவைக்குப் பஸ் இருக்கிறது.

ஆனால் ரத்து கேட்டுப் போகாதீர்கள், கிடைக்காது. சமரசத்துக்குப் போங்கள், அதுவும் அவர் அவமதிப்பு மனு போடும் முன்பாக. இருவரும் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் கூட்டு மெமோவாகத் தாக்கல் செய்யக்கூடிய நிபந்தனைகள் இருக்கின்றன: மகனுக்கு உண்மையான பிறந்த தேதியில் சிறுவர் கணக்கு, அதன் வயது வரம்பு, ஆடும் நேரம், செலவு மூன்றும் பூட்டப்பட வேண்டும், பிளேஸ்டேஷனில் குடும்ப நிர்வாகியாகத் தந்தையும் காப்பாளராக நீங்களும் இருந்தால் கட்டுப்பாடு இருவர் போனிலும் தெரியும், இரவு பத்துக்கு மேல் திரை இல்லை. இதே விதி உங்கள் வீட்டுக்கும் பொருந்தும் என்று முதலில் நீங்களே எழுதிக் கொடுங்கள். இதற்குச் சம்மதிக்காத தந்தையை நான் அதிகம் பார்த்ததில்லை. சம்மதித்த பிறகு மீறினால் அது உத்தரவு மீறல், அப்போது நீங்கள் சொல்வதற்கு எடை வரும்.

நோட்டீசுக்கான 15 நாளில் 9 நாள் போய்விட்டது. பதிலில் அவருடைய குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். தவறிய மூன்று வாரயிறுதிகளை எந்தத் தேதிகளில் ஈடு செய்வீர்கள், மேற்சொன்ன நிபந்தனைகள், சமரச மையத்துக்கு வரச் சம்மதம், இவ்வளவே போதும். பதில் போய்ச் சேரும் வரை காத்திருக்காமல், வருகிற சனிக்கிழமை மகனை வேலந்தாவளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒப்படைத்த நேரத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பி வையுங்கள்.