பழைய பிளாஸ்டிக் மாதிரி விமானத்தின் பெயிண்டை, பிளாஸ்டிக் கெடாமல் நீக்குவது எப்படி?

1970களில் எனாமல் பூசப்பட்ட 1/72 அளவு ஏர்ஃபிக்ஸ் நிறுவன ஸ்பிட்ஃபயர் மாதிரி விமானம் ஒன்று உங்களிடம் இருப்பதாகவும், அதைத் தின்னர் கொண்டு துடைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தின்னரைத் தொடாதீர்கள். பெயிண்ட் கடைத் தின்னரில் பெரும்பாலும் டொலுயீன், அசிட்டோன் போன்றவை இருக்கும்; அவை பெயிண்டோடு சேர்த்து அடியிலுள்ள பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையும் கரைத்துவிடும். நகப்பூச்சு நீக்கிக்கும் இது பொருந்தும்.

முதலில் பூச்சு எந்த வகை என்று பாருங்கள். வெளியில் தெரியாத ஓர் இடத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சைத் தேய்த்தால் நிறம் பஞ்சில் ஏறுமானால் அது அக்ரிலிக். அந்த ஆல்கஹாலே போதும். விமானியின் கூண்டு போன்ற ஒளி ஊடுருவும் பாகங்களில் மட்டும் அதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அழுத்தத்தில் இருக்கும் இடங்களில் மயிரிழை விரிசல் விழலாம்.

நிறம் அசையாவிட்டால் அது பெரும்பாலும் எனாமல்தான். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து பல ஆண்டுகளாக இறுகிய, எனாமலின் அடிப்படையான அல்கைடு பிசின் ஆல்கஹாலுக்கு எளிதில் இளகாது. ஆனால் அந்தப் பிசினில் எஸ்டர் பிணைப்புகள் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உருவாகும் வேதிப் பிணைப்புகள்) உண்டு. வலுவான காரமான காஸ்டிக் சோடா அவற்றை அறுத்துவிடும். பாலிஸ்டைரீனில் அத்தகைய பிணைப்பே இல்லாததால் காஸ்டிக் சோடா அதை ஒன்றும் செய்வதில்லை. பெயிண்ட் போய்ப் பிளாஸ்டிக் மிஞ்சுவதற்கு இந்த வேறுபாடே காரணம். இதே காரணத்தால், 1936இல் வெளிவந்த ஃப்ராக் பெங்குவின் என்ற மாதிரி விமான வரிசை போன்ற செல்லுலோஸ் அசிடேட் மாதிரிகளைக் காஸ்டிக்கில் போடவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக்கே எஸ்டர்தான். உங்கள் ஸ்பிட்ஃபயர் பாலிஸ்டைரீன் என்பதால் அந்தக் கவலை இல்லை.

பாலிபுரொப்பிலீன் டப்பாவில் ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். சோடாவின் மேல் நீரை ஊற்றக் கூடாது. சட்டென்று கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் கூடாது, அதை அரித்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளியிடும். ரப்பர் கையுறையும் பக்கவாட்டை மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கரைசல் நன்றாக ஆறிய பிறகு பாகங்களை முழுவதும் மூழ்கவிட்டு, குழந்தைகள் எட்டாத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் பூச்சு சுருங்கித் தோல் தோலாக உரிந்து நிற்கும். உரியாத இடம் இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுப்பதே முறை, கரைசலைச் சூடாக்குவதோ அதன் வலுவைக் கூட்டுவதோ அல்ல. வெந்நீரில் இறக்கையின் மெல்லிய ஓரங்கள் வளையக்கூடும். பழைய ஏர்ஃபிக்ஸ் அச்சுகளில் ஆணித்தலைகளும் தகட்டுக் கோடுகளும் புடைத்தே இருக்கும். உப்புத்தாள் அவற்றை அழித்துவிடும், போனால் மீட்க முடியாது. ஆகவே மென்மையான பல் துலக்கியும், இடுக்குகளுக்கு மரப் பல்குச்சியும் போதும். அக்காலத்து மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயக் குரோமேட் இருந்திருக்கக்கூடும் என்பதாலும் உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பக் கூடாது.

பிரேக் ஆயிலில் ஊறவைப்போரும் உண்டு. அது எனாமலை இளக்கும், உண்மைதான். ஆனால் தோலுக்கும் நல்லதல்ல, பின்பு அதை அப்புறப்படுத்துவதும் சிக்கல். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இந்த முறையில் ஒட்டுப்படங்கள் அனைத்தும் போய்விடும். விமானத்தின் எண்களும் குறிகளும் உங்களுக்கு முக்கியமானால், ஊறவைப்பதற்கு முன் அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

உரிந்த பூச்சை வடிகட்டி, உலர்த்தி, பொதிந்து தனியே அப்புறப்படுத்துங்கள், சாக்கடையில் விடாதீர்கள். பாகங்களைப் பலமுறை கழுவி, கடைசி நீரில் சிறிது வினிகர் சேர்த்து, மீண்டும் வெறும் நீரில் அலசுங்கள். இணைப்புகளின் இடுக்கில் காரம் தங்கினால் புதிய பூச்சு அங்கிருந்துதான் பெயரத் தொடங்கும்.