கொழுந்தனாருக்காக என் பேரில் கடன் எடுக்கலாமா?

கேள்வி: திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒன்பது ஆண்டுகளாக டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். திருமணத்தை இங்கேதான் பதிவு செய்தோம். என் கணவரின் தம்பி ஜேக்கப்ஸில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். கைக்கு வருவது மாதம் 9,200 ரேண்ட். போன ஜனவரியில் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்காக ஒரு கடன் கடையில் 4,000 ரேண்ட் எடுத்தார். சம்பளம் வந்ததும் அடைப்பார், மறுநாளே அதே 4,000-ஐத் திரும்ப எடுப்பார். இது போதாதென்று பக்கத்துத் தெருவில் தனியாக வட்டிக்கு விடும் மஷோனிசாவிடம் மாதாமாதம் 1,000 வாங்கி 1,500 ஆகக் கொடுக்கிறார். வங்கி அட்டையும் பின் நம்பரும் அந்த ஆளிடம்தான் இருக்கின்றன. ஆன்லைனில் எடுத்த 3,000 ரேண்ட் கட்டாமல் நிற்கிறது, அதற்கு ஒரு கடிதமும் வந்திருக்கிறது. இப்போது "அண்ணி, உங்கள் பேரில் 8,000 எடுத்துக் கொடுங்கள், மாதம் தவறாமல் நான் கட்டிவிடுகிறேன்" என்கிறார். என் கணவர் வாயே திறப்பதில்லை. மறுத்தால் மனஸ்தாபம் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் பேரில் எடுக்காதீர்கள். அவருக்கு உதவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதவ வேறு வழிகள் இருக்கின்றன, அவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனால் இந்த ஒரு வழி வேண்டாம்.

முதலில் அவருடைய சம்பள நாளான 25-ம் தேதியைப் பார்ப்போம். விடிவதற்குள் கடன் கடையின் டெபிட் ஆர்டர், அதாவது தானாகவே பணம் எடுக்கும் ஏற்பாடு, கணக்கிலிருந்து சுமார் 4,724 ரேண்டை எடுத்துவிடும். காலையில் மஷோனிசா அட்டையோடு ஏடிஎம்முக்குப் போய்த் தன்னுடைய 1,500-ஐ எடுத்துக்கொள்வார். கொழுந்தனார் கைக்கு வருவது 2,976. வாடகை, மளிகை, பிள்ளைகளின் பள்ளி வண்டி எல்லாம் அதற்குள் அடங்குமா? அடங்காது. அதனால்தான் மறுநாளே கடைக்குப் போகிறார். ஆடம்பரம் என்று அவரைத் திட்டாதீர்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் வாசலிலேயே பறிபோய்விட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் போவார்கள்.

அந்த 4,724 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. எல்லோரும் வட்டியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். இந்த மாதிரிக் கடனில் வட்டியைவிடக் கட்டணம்தான் ஆளை விழுங்குகிறது. 8,000 ரேண்டுக்கு மேற்படாமல், ஆறு மாதத்துக்குள் அடைக்க வேண்டிய கடனைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் குறுகிய காலக் கடன் என்கிறது. 2016-ல் வைத்த உச்சவரம்பின்படி அதற்கு முதல் கடனுக்கு மாதம் 5 சதவீத வட்டி, அதே ஆண்டில் அடுத்தடுத்து எடுக்கும் கடனுக்கு மாதம் 3 சதவீதம். இது தவிர, கடன் தொடங்கும்போது 165 ரேண்ட், 1,000-க்கு மேற்பட்ட தொகையில் 10 சதவீதம். இரண்டும் சேர்ந்து கடனில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்புறம் மாதச் சேவைக் கட்டணம் 60. இரண்டு கட்டணத்துக்கும் மேலே வாட் வரி.

4,000 ரேண்டுக்குக் கணக்குப் போடுங்கள். தொடக்கக் கட்டணம் 465, சேவைக் கட்டணம் 60, அவற்றுக்கு வாட் 78.75. முதல் மாத வட்டி 200, அடுத்த மாதங்களில் 120. ஆக முதல் தடவை சுமார் 804, அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் சுமார் 724. அவர் அடைத்துவிட்டுத் திரும்ப எடுக்கும்போதெல்லாம் அது பழைய கடன் அல்ல, புதிய ஒப்பந்தம். புதிய ஒப்பந்தம் என்றால் புதிதாகத் தொடக்கக் கட்டணம். இப்படியே பன்னிரண்டு மாதம் ஓடினால் 8,765 ரேண்ட் போயிருக்கும், 4,000 அப்படியே நிற்கும். அந்த 8,765-ல் வட்டி வெறும் 1,520. மீதி முழுவதும் கட்டணமும் வரியும். இத்தனைக்கும் கடை அந்த உச்சவரம்பை ஒரு ரேண்ட்கூட மீறவில்லை.

அதே 4,000-ஐ ஒரே தடவையில் ஆறு மாதத் தவணையாக எடுத்திருந்தால்? 5 சதவீத வட்டியிலேயே கூட மொத்தச் செலவு ஏறக்குறைய 1,680 ரேண்டில் முடிந்திருக்கும். அதே ஆறு மாதத்துக்கு, மாதாமாதம் அடைத்து எடுப்பதில் 4,400-க்கு மேல் போகிறது. "சீக்கிரம் அடைத்துவிடுகிறேன், நல்ல பேர் இருக்கிறது" என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அந்த நல்ல பேருக்குத்தான் இவ்வளவு விலை கொடுக்கிறார்.

இந்தச் சுழல் இந்த மண்ணில் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1895-ல் டர்பன் இருக்கும் நேட்டாலில் ஒரு சட்டம் போட்டார்கள்: ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங் வாங்கியவருக்கு 3 பவுன் என்பது ஆறு மாதக் கூலி. அதைக் கட்ட முடியாமல் எத்தனையோ பேர் மறுபடி கைநாட்டு வைத்தார்கள். காந்தி நடத்திய 1913 போராட்டத்துக்குப் பிறகு, 1914-ல்தான் அந்த வரி ஒழிந்தது. அன்று அவர்களுக்கு வேறு வழி விடவில்லை. இன்று உங்கள் கொழுந்தனாருக்கு வழி இருக்கிறது, கடைசிக் கையெழுத்து அவருடையது. அதனால்தான் அவர் பங்குப் பொறுப்பையும் பேச வேண்டியிருக்கிறது.

ஜனவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே பல இடங்களில் டிசம்பர் சம்பளத்தை மாத நடுவிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த சம்பளம் ஜனவரி 25 என்றால் நடுவில் நாற்பது நாள். அதற்குள் சீருடை, நோட்டுப் புத்தகம், பள்ளிக் கட்டணம், சில ஆண்டுகளில் தைப்பூசக் காவடியும் சேர்ந்து வரும். ஊரே அதை ஜனுவொரி (ஜனவரியும் 'வொரி' என்ற கவலையும் சேர்ந்தது) என்று சொல்வது சும்மா இல்லை. நான் பார்க்கும் கடன்களில் பாதி அந்த நாற்பது நாளில் பிறந்தவை.

சரி, உங்கள் பேருக்கு வருவோம். ஆறு மாதத்துக்கு 8,000 எடுத்தால் தவணை மாதம் 1,800-ஐத் தாண்டும். அவர் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர் அவரைத் தேடமாட்டார், உங்களைத்தான் தேடுவார். "மாமியார் வீட்டுக்காக எடுத்தேன்" என்பது நீதிமன்றத்தில் நிற்காது. திருமணத்துக்கு முன்பே சொத்து ஒப்பந்தம் எழுதாமல் இங்கே திருமணம் செய்தவர்களுக்குச் சொத்தும் கடனும் பொது. அப்படிப்பட்ட திருமணத்தில் ஒருவர் கடன் ஒப்பந்தம் போட மற்றவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். ஆகவே உங்கள் கணவர் வாய் மூடி இருக்க முடியாது, இது அவருடைய கடனும்தான். இன்று இரவே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கொழுந்தனாரிடம் மறுப்பைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, அண்ணன்.

இனி அவர் செய்ய வேண்டியது. முதலில் அந்தக் கடிதம். பிரித்துப் பாருங்கள். என் மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையோடு வருவார்கள். உள்ளே ஒட்டியது ஒட்டியபடி கடிதங்கள். போன மாதம் ஒருவரின் பையில் பதினான்கு உறைகள் இருந்தன, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பிரித்தால் ஜெயில் என்று பயந்து வைத்திருந்தாராம். கடன் கட்ட முடியாததற்காக இங்கே யாரையும் சிறையில் போட முடியாது. 1995-லேயே அரசியலமைப்பு நீதிமன்றம் அதை முடித்துவைத்துவிட்டது. ஆனால் கடிதத்தைப் பிரிக்காமல் இருப்பதற்கு வேறு விலை உண்டு. தேசியக் கடன் சட்டத்தின் 129-ம் பிரிவு என்று அதில் போட்டிருந்தால், வழக்குக்கு முந்தைய அறிவிப்பு அது. 10 வேலை நாள் அவகாசம். அதற்குள் கடன் ஆலோசகரிடமோ குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடமோ போகலாம் என்று அந்தக் கடிதமே சொல்லும். நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அந்தக் கடனை டெட் ரிவ்யூவில், அதாவது ஆலோசகர் மூலம் கடன்களை மறுசீரமைப்பதில், சேர்க்க முடியாது. எனவே கடிதத்தின் தேதியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

3,000-க்கு அவர்கள் இப்போது எவ்வளவு கேட்கிறார்கள் என்றும் பாருங்கள். கட்டத் தவறிய நாளில் அசல் பாக்கி 3,000 என்றால், அதன்பின் ஏறும் வட்டி, கட்டணம், வசூல் செலவு எல்லாம் சேர்ந்தாலும் இன்னொரு 3,000-ஐத் தாண்டக் கூடாது. 9,000 கொடு என்று ஒரு வசூல்காரர் போனில் மிரட்டினால் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது மஷோனிசா. வங்கி அட்டை, அடையாளப் புத்தகம், பின் நம்பர் எதையும் கடனுக்கு ஈடாக வாங்கி வைப்பது குற்றம். 2016 முதல், எவ்வளவு சிறிய கடனாக இருந்தாலும் வட்டிக்குக் கொடுப்பவர் தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பான என்.சி.ஆரில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்த கடையில் சான்றிதழ் மாட்டியிருக்கும், என்.சி.ஆர்.சி.பி. என்று தொடங்கும் எண் இருக்கும். மஷோனிசாவிடம் அது இருக்காது. கொழுந்தனார் வங்கிக்குப் போய்ப் பழைய அட்டையை முடக்கிப் புதிய அட்டையும் புதிய பின் நம்பரும் வாங்கட்டும். ஆனால் தனியாகப் போய் மஷோனிசாவிடம் சட்டம் பேச வேண்டாம். தெருவில் பார்த்துப் பழகிய ஆளாக இருந்தாலும் கோபம் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது. கோயில் கமிட்டியிலோ தெருவிலோ மரியாதையுள்ள ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய், வாங்கிய 1,000 அசலைச் சாட்சி வைத்துக் கொடுத்து முடியுங்கள். மிரட்டினால் காவல் நிலையம்தான்.

கடன் கடையில் அவர் சொல்ல வேண்டியது ஒரே வரி: "இந்த மாதம் திரும்ப எடுக்கப் போவதில்லை, பாக்கியை நான்கு தவணையாக்கி எழுதிக் கொடுங்கள்." 25-ம் தேதிக்கு முன்பே போய்க் கேட்க வேண்டும். டெபிட் ஆர்டர் ஓடிய பிறகு கேட்டுப் பயனில்லை. கடை ஒத்துக்கொள்ளாவிட்டால், அடுத்த தடவை 4,000-க்குப் பதில் 3,000 மட்டும், அதற்கடுத்து 2,000, பிறகு 1,000 என்று இறங்கட்டும். ஒவ்வொரு படியிலும் 1,000 ரேண்ட் துண்டு விழும். உங்கள் உதவி அங்கேதான் தேவை. இரண்டு, மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், மின்சார டோக்கன் ஆகியவற்றை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை, அவர் கையில் தராமல் நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள். கட்டியதும் கணக்கு முடிந்தது என்ற கடிதத்தை வாங்குங்கள்.

கடை அவருக்கு மாதாமாதம் கொடுத்தது சரிதானா என்றும் கேட்கலாம். கடன் கொடுக்கும் முன் மூன்று மாதச் சம்பளச் சீட்டையோ வங்கிக் கணக்கையோ பார்த்து, இவரால் கட்ட முடியுமா என்று கணக்கிட வேண்டியது கடையின் கடமை. செய்யாவிட்டால் அது பொறுப்பற்ற கடன், நீதிமன்றம் அதை ரத்துகூடச் செய்யலாம். ஆனால் விண்ணப்பத்தில் "வேறு கடன் இல்லை" என்று இவர் பொய் எழுதியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சட்டம் உண்மையாகப் பதில் சொன்னவருக்குத்தான் துணை நிற்கிறது. என்ன எழுதினீர்கள் என்று அவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

சொன்ன கடன் மூன்று, சொல்லாத கடன் எத்தனை என்பதும் தெரிய வேண்டும். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடம் ஆண்டுக்கு ஒரு தடவை இலவசமாக அறிக்கை வாங்கலாம். அவரே தன் போனில் எடுத்து அண்ணனிடம் காட்டட்டும். மஷோனிசா கடன் அதில் வராது, அதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும்.

இந்த மூன்று மட்டும்தான் என்றால் அசல் மொத்தம் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்குகிறது. டெட் ரிவ்யூ இல்லாமலே நான்கைந்து மாதத்தில் கரை ஏறிவிடலாம் என்பது என் கணிப்பு. அறிக்கையில் இன்னும் நாலு பெயர் வந்தாலோ, 129 கடிதத்தின் 10 நாள் நெருங்கினாலோ தாமதிக்காமல் என்.சி.ஆரில் பதிவு பெற்ற ஒரு கடன் ஆலோசகரிடம் போகட்டும். எல்லாக் கடனையும் சேர்த்து, தாங்கக்கூடிய ஒரே தவணையாக்கப் பேசுவார். அது முடியும்வரை புதுக் கடன் எடுக்க முடியாது, கடன் பதிவிலும் குறிப்பு இருக்கும். உங்கள் கொழுந்தனாருக்கு அந்தத் தடையே ஒரு நன்மையாக இருக்கலாம். "முன்பணம் கட்டுங்கள், பதிவில் பேரை அழித்துக் கடன் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் மோசடிக்காரர்கள். அவர்களுக்கு ஒரு ரேண்ட்கூட அனுப்பாதீர்கள்.

ஆலோசகரிடம் போகும்போது அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு, எல்லாக் கடன் தாள்கள், அந்தக் கடிதம், வீட்டுச் செலவை எழுதிய ஒரு காகிதம் ஆகியவற்றை எடுத்துப்போகச் சொல்லுங்கள். செலவுக் காகிதத்தை அவரும் அவர் மனைவியும் சேர்ந்து எழுத வேண்டும். அவர் தனியாக எழுதினால் பள்ளி வண்டிக்காசு விட்டுப்போகும்.