குடல் பொலிப்பின் அடியில் ஏற்றும் திரவம்: சேலைனா, ஜெல்லா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. மலத்தோடு இரத்தம் போனதால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் 25 மில்லிமீற்றர் தட்டைப் பொலிப், அதாவது உட்சுவரில் வளர்ந்த சதை. அடியில் திரவம் ஏற்றி வெட்டுவார்களாம். சேலைன் போதாது, ஜெல்தான் பாதுகாப்பு என்கிறார் வெளிநாட்டிலுள்ள அண்ணா. நாங்கள் வாங்கிக் கொடுக்க வேணுமா டொக்டர்?
ஒரு மகள், களுவாஞ்சிகுடி

பதில்: மகள், அண்ணா சொல்வதில் பாதி சரி.

பெருங்குடல் சுவரின் தடிப்பே இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். உள்ளே பொலிப் வளரும் மென்சவ்வு, வெளியே தசை, நடுவில் தளர்வான ஒரு படை. அந்தப் படைக்குள் ஊசியால் திரவம் ஏற்றினால் பொலிப் நீலக் கொப்புளமாக எழும்பும். நீலம், நாங்கள் கலக்கும் சாயத்தால் வருவது. பிறகு கம்பி வளையம் போட்டு மின்சூட்டில் அறுப்போம். மேடு வடிந்தபின் அறுத்தால் சூடு தசைக்கு இறங்கிக் குடல் ஓட்டையாகலாம்.

சேலைன், கல்லடிக் கடற்கரை மணலில் ஊற்றிய தண்ணீர் மாதிரி. சில நிமிடத்தில் சுவறிவிடும். சிறிய பொலிப்புக்கு அது தாராளம். 20 மில்லிமீற்றர் தாண்டினால் கஞ்சிபோலத் தடித்தது நல்லது: ஜெலட்டின், மாவுக் கரைசல், கிளிசரோல், ஹயலுரோனிக் அமிலம். ஜெலட்டினையும் சேலைனையும் ஒப்பிட்ட ஆய்வில் ஜெலட்டின் போட்டவர்களுக்குக் குறைந்த துண்டுகளில், குறைந்த நேரத்தில் வேலை முடிந்தது. சிக்கல்களில் வித்தியாசம் தெரியவில்லை. 50 வீத குளுக்கோஸும் மேட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் திசுவைப் புண்ணாக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை.

இதற்குப் போடும் ஜெலட்டின் மாட்டிலிருந்து எடுப்பது. எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை, அப்பாவிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் வேண்டாமென்றால் சோள மாவுக் கரைசல் கிடைக்குமா என்று கேட்கலாம். ஜெலட்டின் ஒவ்வாமை இருந்தாலும் சொல்ல வேண்டும்.

ஜெல்லுக்காகக் கடன்பட வேண்டாம். வெட்டப்போகிற வைத்தியரிடம் இதைக் கேளுங்கள்: "ஏற்றியும் பொலிப் எழும்பாவிட்டால் என்ன செய்வீர்கள்?" எழும்பாதது, முன்பு பரிசோதனைக்குச் சதை எடுத்த தழும்பாக இருக்கலாம், புற்றுநோய் ஆழமாக இறங்கியதாகவும் இருக்கலாம். அப்போது நிறுத்தி, வேறு வழி யோசிப்பவரே நல்ல கை. நான் பயப்படுவது, எழும்பாததை இழுத்து வெட்டுவதற்குத்தான்.

அஸ்பிரின், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கிறாரென்றால் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். வெட்டியபின் இரண்டு வாரம் வரைக்கும் இரத்தம் கசியலாம். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், இரத்தமாக மலம் என்றால் இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடக்க நேர்த்தி வைத்திருந்தால், அந்த இரண்டு வாரத்துக்குள் அப்பாவை அனுப்பாதீர்கள்.