அண்ணியின் தட்டைத் தனியாக வைக்க வேண்டியதில்லை

கேள்வி: பாப்பிரெட்டிப்பட்டி அருகே வசிக்கிறோம். என் அண்ணிக்கு (46) மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தையும் அக்குள் நெறிகட்டிகளையும் அகற்றிவிட்டு, இப்போது கீமோதெரபி கொடுக்கிறார்கள். அவருடைய தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டும் என்கிறார் அம்மா. எனக்கும் வருமோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் மகளிர் குழு அவருக்கு எந்த வகையில் உதவலாம்?

பதில்: புற்றுநோய் தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, அருகில் படுப்பதாலோ, குழந்தையைத் தூக்குவதாலோ அது பரவாது. உண்மையில் கீமோதெரபியின்போது வெள்ளை அணுக்கள் குறைந்துவிடுவதால், நம்மிடமிருந்து அவருக்குத்தான் கிருமி தொற்றக்கூடும். ஆகவே சளி, காய்ச்சல் உள்ளவர்கள் சில நாட்கள் விலகியிருந்தால் போதும். அவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திராமல், இரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் உங்கள் தருமபுரியில்தான் தொடங்கின என்பதால், குழுவின் பலத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊசி போடும் நாளில் உடன் செல்ல ஒருவர், அன்று வீட்டில் சமைக்க ஒருவர் என முறை வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லையெனில், அதற்கான அலைச்சலைக் குழு ஏற்கலாம்.

பலரும் கவனிக்கத் தவறுவது அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையைத்தான். நெறிகட்டிகளை அகற்றிய பக்கத்தில் நிணநீர் (உடல் திசுக்களிலிருந்து வடியும் நீர்) வடியாமல், மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்தும் கை வீங்கக்கூடும். நிறைகுடத்தைத் திடீரென அந்தக் கையால் தூக்க வேண்டாம். அதற்காகக் கையை மடக்கியே வைத்திருப்பதும் தவறு. கற்றுத்தந்த பயிற்சிகளை நாள்தோறும் செய்து, பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். புளி தட்டும்போதோ களை எடுக்கும்போதோ அந்தக் கையில் கீறல் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சிவந்து சூடாகி வீங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அண்ணி உங்களுக்கு இரத்த உறவு இல்லை என்பதால், அவருடைய நோயால் உங்களுக்கு ஆபத்து கூடவில்லை. அவருக்கு மகளோ உடன்பிறந்த சகோதரியோ இருந்தால், அவர்கள் எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்கட்டும். முப்பது வயதைக் கடந்த குழு உறுப்பினர்கள் அனைவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண் மருத்துவரோ செவிலியரோ வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். வலிக்காத கட்டி, தோலில் குழி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும், முகாம் வரும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே செல்லுங்கள்.