சர்க்கரை இறங்க புரோபயாட்டிக் மாத்திரை வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஹெச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது, ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பும் தெரிகிறதாம். “குடலைச் சரிபண்ணு, சர்க்கரை தானாக இறங்கும்” என்று நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரை வாங்கச் சொல்கிறார்கள். நார்ச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன், வயிறு உப்பியதுதான் மிச்சம். என்ன செய்யலாம்?

பதில்: மாத்திரையை இப்போதைக்கு வாங்காதீர்கள். ஹெச்பிஏ1சி என்பது கடந்த சுமார் 3 மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இங்கிருந்து திரும்பி வர முடியும்.

குடலுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு. நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர, அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். இதே அமிலங்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கவும் தூண்டுகின்றன. இன்சுலினைக் கூட்டி, பசியை மட்டுப்படுத்தும் ஹார்மோன் அது. இப்போது பிரபலமாக இருக்கும் எடை குறைப்பு ஊசிகள் செய்வதும் அதன் வேலையைத்தான். அதற்காக ஒரு தட்டு பயறு ஊசியின் வேலையைச் செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும்.

சரி, நல்ல பாக்டீரியாவை வெளியிலிருந்து கொடுத்தால்? நெதர்லாந்தில் செய்தே பார்த்தார்கள். ஒல்லியானவர்களின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள ஆண்களின் குடலில் செலுத்தினார்கள். 6 வாரத்தில் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது. பிந்தைய ஆய்வில் 18-வது வாரம் பார்த்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. மாத்திரையில் வருபவையும் பெரும்பாலும் தங்காத விருந்தாளிகள்தான். ஏற்கெனவே குடியிருப்பவற்றுக்குத் தீனி போடுவதே மேல். காசு கொடுத்து மலத்தில் பாக்டீரியா கணக்கெடுக்கும் பரிசோதனையும் உங்களுக்குத் தேவையில்லை.

உப்புசத்துக்கு வருவோம். நீங்கள் அவசரப்பட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகவைத்த பயறு ஒரு கப்பிலேயே சுமார் 15 கிராம் இருக்கும். பழக்கமில்லாத குடலில் ஒரே நாளில் இவ்வளவைக் கொட்டினால் வாயு வராமல் என்ன செய்யும்? ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவைத்து, முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கால் கப் போதும். வயிறு பழகியதும் அரை கப், அப்புறம் தினமும். தண்ணீரையும் கூட்டுங்கள். முழுதானியம், காய்கறி எல்லாம் தட்டில் கூடுதலாக வரக்கூடாது, வெள்ளை மாவுப் பண்டங்களின் இடத்தைப் பிடிக்க வேண்டும். சர்க்கரை சேர்க்காத தயிர் ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள்.

இனிப்புப் பானங்களை அறவே விடுங்கள். அதிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையின் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போகிறது, அளவு மிஞ்சினால் அங்கே கொழுப்பாகிறது.

உங்கள் எடையை நீங்கள் சொல்லவில்லை. அதிகமென்றால் குடலைவிட அதுதான் பெரிய விஷயம். அமெரிக்காவில் 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்கோடு இறங்கியவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ என்றால் ஐந்தரை கிலோ சொச்சம்தான்.

மருத்துவர் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எழுதினால் ஆரம்பத்தில் வயிறு கலங்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டோடு போடுங்கள், மெதுவாகக் கரையும் வகை ஒத்துவருமா என்றும் கேளுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, தூக்கத்தைக் கெடுக்கும் வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் 3 மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் பழைய கணக்கும் சேர்ந்தே வரும்.